செல்லுக்குச் சோறு – 17: அம்மாவோட முட்டியும் ஒரு பெல்கிரேடு பொறியாளரும்

போன சனிக்கிழமை பதிவு வரலை. "என்னாச்சு, உசுரோட இருக்கியா?"னு விசாரிச்ச அன்பு உள்ளங்களுக்கு நன்றி. விசாரிச்சது மொத்தமே ரெண்டு பேருதான். இருந்தாலும் உள்ளங்கள்னு பன்மையில சொல்றதுதானே மரபு :-)

புதுசா வந்தவங்களுக்கு ஒரு முன்கதைச் சுருக்கம். நான் கோவில்பட்டிக்காரி. இப்போ ஸ்வீடன்ல கோத்தன்பர்க்னு எழுதி 'யோத்தெபோரி'னு வாசிக்க வேண்டிய ஊர்ல உயிர்மருத்துவப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்கூடத்துல எனக்குக் குடுத்திருக்கற வேலை, எலும்பு மஜ்ஜையில இருந்து எடுத்த ஸ்டெம் செல்லை குருத்தெலும்பா மாத்தப் பாக்கறது. செல்லுக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்தணும். அதுக்கு சனி, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் தெரியாது. அதனால சனிக்கிழமை காலையில ஊரே தூங்கும்போது நான் மட்டும் காலி டிராம்ல ஏறிப் போய் அதுகளுக்குச் சோறு ஊட்டிட்டு, வந்து ஒரு பதிவு போடுவேன். அதான் தலைப்பு.

போன வாரம் ஏன் வரலைன்னா, ரெண்டு காரணம். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு.

சின்னது இது. 21 நாள் வளக்க வேண்டிய செல் உருண்டை, 17-வது நாள் பூஞ்சை பிடிச்சிருச்சு. குழாய்க்குள்ள அழகா, வெள்ளையா, பஞ்சுமிட்டாய் மாதிரி. தப்பு என்னோடதுதான். மூடியைக் கழட்டி வச்ச இடம் சரியில்லை, அவசரத்துல கவனிக்கலை. அத்தனை குழாயையும் பிளீச் ஊத்தி மூடி, பையில கட்டிப் போட்டுட்டு, படிக்கட்டுல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். இங்க படிக்கட்டுல உக்காந்து அழுதா யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க, பக்கத்துல ஒரு காப்பியை வச்சுட்டுப் போயிருவாங்க. அது ஒரு வகையில நல்லாத்தான் இருக்கு.

பெரிய காரணம், அம்மாவோட முட்டி.

அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல கரும்பலகை முன்னாடி நின்ன கால். ஓய்வு வாங்கி ரெண்டு வருஷமாச்சு. இப்போ ரேஷன் கடைப் படி ரெண்டு ஏறுறதுக்கே கைப்பிடி தேடறாங்க. எலும்பு தேய்மானம்னு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டார். இன்னும் ஆபரேஷன் அளவுக்குப் போகலை, உடற்பயிற்சி பண்ணுங்க, எடையைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்ல அம்மா.

"ஏட்டி, ஒன் சித்தி ஒரு விஷயம் சொன்னா. மதுரைப் பக்கம் ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் ஊசி போடறாங்களாம். இடுப்புல இருந்து எடுத்து முட்டியில போட்டா குருத்தெலும்பு புதுசா மொளைச்சிருமாம். ஒரு முட்டிக்கு ஒண்ணே கால் லட்சமாம். ரெண்டும் சேத்துப் போட்டா ரெண்டு லட்சத்துக்கு முடிச்சுத் தருவாங்களாம். நீயும் அதத்தான படிக்க? நல்லதா கெட்டதா, சொல்லு."

பின்னாடி சித்தியோட குரல்: "அவ படிக்கறதே அதான்க்கா, அவளுக்குத் தெரியாததா!"

அன்னிக்குக் காலையிலதான் நான் என்னோட குழாய்களைக் குப்பையில கட்டிப் போட்டிருந்தேன். என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம, "நாளைக்குச் சொல்றேம்மா"னு வச்சுட்டேன். வேணாம்னு ஒரு வார்த்தையில சொல்லிரலாம். ஆனா டீச்சருக்கு ஒரு வார்த்தைப் பதில் செல்லாது. "ஏன்?"னு அடுத்த கேள்வி வரும். அந்த ஏனுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னு ராத்திரி உக்காந்தபோது எனக்கு ஞாபகம் வந்தவங்கதான் இந்த வாரத்து நாயகி.

கோர்டானா வுன்யாக்-நோவாகோவிச்

பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கோங்க. நானும் முதல் செமஸ்டர் முழுக்க 'அந்த நோவாகோவிச் அம்மா'ன்னுதான் சொல்லிட்டிருந்தேன்.

இவங்க டாக்டர் இல்லை, உயிரியல் படிச்சவங்களும் இல்லை. பெல்கிரேடு பல்கலைக்கழகத்துல இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் மூணுமே வேதிப் பொறியியல். அதாவது உலை, குழாய், பம்ப், எந்தத் திரவம் எந்த வேகத்துல ஓடும், எது எதுக்குள்ள எவ்வளவு ஊடுருவும் – இந்தச் சமாச்சாரம். பெல்கிரேடு அப்போ யூகோஸ்லாவியா. அங்க பாடம் நடத்திட்டிருந்தவங்க, 1986-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில ஒரு வருஷத்துக்கு அமெரிக்காவுக்கு, எம்.ஐ.டி.யில ராபர்ட் லாங்கரோட ஆய்வுக்கூடத்துக்குப் போறாங்க. லாங்கரும் வேதிப் பொறியாளர்தான். பாலிமரை வச்சு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ள விடறதுல பேர் வாங்கினவர். அவரும் ஜோசப் வக்காந்தியும் சேந்து 'திசுப் பொறியியல்'ங்கற தலைப்புல சயன்ஸ் இதழ்ல எழுதின கட்டுரை வந்தது 1993-ல்தான். இன்னிக்கு எங்க பாடத்திட்டத்துல முதல் வாரமே அதுதான். ஆக, இந்தம்மா போய்ச் சேந்தப்போ இது ஒரு துறைன்னே இல்லை. தெருவே போடாத ஊருக்கு வீடு பாக்கப் போன மாதிரி.

ஒரு வேதிப் பொறியாளருக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு.

செல்லைத் தட்டையான தட்டுல வளக்கறது சுலபம். மேல மீடியம், கீழ செல். சோறு நேராப் போய்ச் சேந்துரும். ஆனா நம்ம உடம்பு தட்டு இல்லையே, கனமானது. நம்ம திசுவுல பெரும்பாலான செல்லு பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய்ல இருந்து 0.2 மில்லிமீட்டருக்குள்ளதான் குடியிருக்கு. அதைத் தாண்டினா ஆக்சிஜன் போய்ச் சேராது. ஒரு கனமான திசுத் துண்டை மீடியத்துல சும்மா மிதக்க விட்டா, ஓரத்துல இருக்கறது கொழுத்திரும், நடுவுல இருக்கறது செத்துரும். கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி கடைசி வரிசைக்கு வராத கதை.

இது உயிரியல் பிரச்சினை மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள இது பந்தி விசாரிக்கற பிரச்சினை. அதாவது வேதிப் பொறியியல். இந்தம்மா கையில எடுத்தது இதைத்தான். செல்லைச் சாரத்துல ஏத்தி (கொத்தனார் கட்டுவாரே அந்தச் சாரம்தான், இங்க அது கரையக்கூடிய பாலிமர், ஆபரேஷன்ல போடற தானா கரையற தையல் நூலோட அதே சரக்கு), அதை ஒரு பாத்திரத்துக்குள்ள வச்சு, திரவத்தைச் சுத்த விட்டு, ஓட விட்டு, உடம்புக்குள்ள செல்லுக்குக் கிடைக்கற சூழலை வெளிய உண்டாக்கறது. அந்தப் பாத்திரத்துக்குப் பேருதான் பயோரியாக்டர். இவங்களோட மொத்த வாழ்க்கை வேலையையும் ஒரே வரியில சொல்லச் சொன்னா, செல்லுக்கு வீடு கட்டிக் குடுத்தவங்கன்னு சொல்லுவேன்.

விண்வெளிக்குப் போன குருத்தெலும்பு

முதல்ல எடுத்துக்கிட்டது குருத்தெலும்பு. அதுக்குக் காரணம் உண்டு. குருத்தெலும்புல ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. உள்ள செல்லும் ரொம்பக் கொஞ்சம்தான், மீதி தண்ணியும் அது சுரந்து வச்ச வலையும். ரத்தக்குழாய் இல்லாததால வெளிய வளக்கறது மத்ததை விட லேசு. ஆனா அதே காரணத்தாலதான் உடம்புக்குள்ள அடிபட்டா தானா ஆறாது. தோல்ல வெட்டுப்பட்டா ரத்தம் வரும், பொருக்கு கட்டும், ஆறும். குருத்தெலும்புக்கு அந்த வசதியே கிடையாது.

லிசா ஃபிரீட்ங்கறவங்களும் இவங்களும் சேந்து சுழலும் பயோரியாக்டர்ல கன்னுக்குட்டியோட குருத்தெலும்புச் செல்லை வளத்தாங்க. அதுல ஒரு சோதனை விண்வெளிக்கே போச்சு. மூணு மாசம் பூமியில வளத்து, அதுல பாதியை 1996 செப்டம்பர்ல ரஷ்யாவோட மிர் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிட்டாங்க. மீதிப் பாதி பூமியிலயே, அதே மாதிரி பாத்திரத்துல. நாலு மாசம் கழிச்சு 1997 ஜனவரியில திரும்பி வந்துச்சு. முடிவு 1997-லேயே அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியோட இதழ்ல வந்தது.

எடை இல்லாத இடத்துல திசு எல்லாப் பக்கமும் சமமா, சூப்பரா வளரும்னு நாம நெனைப்போம். நானும் முதல் தடவை வாசிக்கும்போது அப்படித்தான் நெனைச்சேன். நடந்தது வேற. மிர்ல வளந்தது உருண்டையாப் போச்சு, பூமியில வளந்ததை விடச் சின்னதா இருந்துச்சு, அழுத்திப் பாத்தா பலமும் கம்மி. செல்லு செத்துப் போகலை, உசுரோடதான் இருந்துச்சு. ஆனா தாங்கற குருத்தெலும்பா ஆகலை.

நாலு மாசம் விண்வெளியில வளத்து, வந்தது நோஞ்சான். என்னை மாதிரி ஆளா இருந்தா படிக்கட்டுல போய் உக்காந்திருப்பேன். அவங்க கட்டுரை எழுதினாங்க. ஏன்னா அந்த நோஞ்சான் ஒரு விஷயத்தைச் சொல்லிருச்சு. குருத்தெலும்புக்குச் செல் மட்டும் போதாது, சோறு மட்டும் போதாது, சுமையும் வேணும். அழுத்தறதும் விடறதுமா இருந்தாத்தான் அது குருத்தெலும்பா இருக்கும். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, அம்மா கதையில திரும்ப வரும்.

ஜிம்முக்குப் போன இதயம்

அடுத்தது இதயம். எலிக்குட்டியோட இதயச் செல்லைச் சாரத்துல ஏத்தி வளத்தா, செல்லு இருக்கும், ஆனா ஒழுங்காச் சேந்து துடிக்காது. நிஜ இதயத்துல என்ன நடக்குது? இடைவிடாம மின்சாரத் துடிப்பு ஓடிட்டே இருக்கு. அதையே வெளியயும் குடுத்துப் பாத்தா? செர்பியாவுல இருந்து வந்த இன்னொரு பெண், இவங்க மாணவி மிலிச்சா ராடிசிச் (பின்னாடி டொராண்டோவுல பேராசிரியர்), இவங்க எல்லாரும் சேந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரையில, மொத்தம் எட்டே நாள் வளப்புல, மின்துடிப்பு குடுத்ததால திசு சுருங்கி விரியற அளவு ஏழு மடங்கு கூடியிருந்துச்சு. செல்லு எல்லாம் ஒரே திசையில வரிசை கட்டி நின்னுருச்சு. செல் அதேதான், சாரமும் அதேதான். சூழல் மட்டும் மாறுச்சு.

2018-ல் நேச்சர் இதழ்ல வந்தது இதோட அடுத்த கட்டம். இந்தத் தடவை மனுஷச் செல். வளந்தவங்களோட செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் மாதிரி ஆக்கற வித்தையை ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலயும் 2007-ல் மனுஷச் செல்லுலயும் செஞ்சு காட்டினார், அதுக்கு 2012-ல் நோபல் வாங்கினார். அதுல இருந்து செஞ்ச இதயச் செல்லோட பெரிய குறை, அது கருவுல இருக்கற குழந்தையோட இதயச் செல் மாதிரியே நின்னுரும், முத்தாது. இவங்க குழு என்ன பண்ணுச்சுன்னா, செல்லு இதயச் செல்லா மாற ஆரம்பிச்ச உடனேயே திசுவா செஞ்சு, மின்துடிப்போட வேகத்தை நாளுக்கு நாள் கூட்டிட்டே போச்சு. ஜிம்முல எடை ஏத்தற மாதிரி. நாலு வாரத்துல, முத்தின இதயத் தசைக்குரிய பல குணங்கள் வந்துருச்சு.

எலும்பு? 2016-ல் வந்த வேலை. சின்னரகப் பன்றியோட தாடை எலும்பை ஸ்கேன் எடுத்து, மாட்டெலும்பைச் செல்லெல்லாம் கழுவி எடுத்துட்டு அதே வடிவத்துல செதுக்கி, அந்தப் பன்றியோட கொழுப்புல இருந்து எடுத்த ஸ்டெம் செல்லை அதுல ஏத்தி, பயோரியாக்டர்ல திரவம் ஓட விட்டு வளத்து, திரும்ப அதே பன்றிக்கு வச்சாங்க. ஆறு மாசத்துல அந்த இடத்துல அந்தப் பன்றியோட சொந்த எலும்பு. இந்த வழியை நோயாளிகள் வரைக்கும் கொண்டு போறதுக்கு இவங்க மாணவி நீனா டாண்டன் எபிபோன்னு ஒரு கம்பெனியே ஆரம்பிச்சாங்க.

நுரையீரலையும் விடலை. மாற்று அறுவைக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கின மனுஷ நுரையீரலை, உயிரோட இருக்கற பன்றியோட ரத்த ஓட்டத்துல இணைச்சு 24 மணி நேரம் வச்சு, தேத்திக் காட்டின வேலை 2020-ல் வந்தது. வேண்டாம்னு ஒதுக்கினதுக்கும் ஒரு நாள் வீடு குடுத்துப் பாத்தாங்க, அவ்வளவுதான்.

பதவி விஷயத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா "எங்க இருக்காங்க"னு கேப்பீங்க. எம்.ஐ.டி.யில ரொம்ப காலம் ஆராய்ச்சி விஞ்ஞானி. 2005-ல் நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா போனாங்க. 2012-ல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாடமி உறுப்பினர். 2017-ல் கொலம்பியாவோட மிக உயர்ந்த பேராசிரியர் பட்டமான 'யுனிவர்சிட்டி புரொஃபசர்' கிடைச்சது. 1754-ல் ஆரம்பிச்ச அந்தப் பல்கலைக்கழகத்துல அந்தப் பட்டம் வாங்கின முதல் பொறியாளர் இவங்கதான். முதல் பெண் பொறியாளர்னு வாசிச்சுட்டுப் போயிராதீங்க. முதல் பொறியாளரே இவங்கதான்.

சரி, அம்மாவுக்கு என்ன சொன்னேன்?

சனிக்கிழமை கூப்பிட்டேன். சித்தியும் இருந்தாங்க, ஸ்பீக்கர்ல போட்டாங்க. மேல சொன்னதையெல்லாம் பாதி கோவில்பட்டித் தமிழ்லயும் பாதி கையை ஆட்டியும் சொன்னேன்.

"சித்தி, நான் இங்க அதே ஸ்டெம் செல்லைத்தான் வளக்கேன். ரெண்டரை லட்சம் செல்லை ஒரு குழாய்ல போட்டுச் சுத்தி உருட்டி, அதுக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணி எல்லாம் கணக்கா ஊத்தி, 37 டிகிரியில 21 நாள் வச்சா, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்ல வெள்ளையா ஒரு மணி வரும். கிட்டத்தட்ட கடுகு அளவு, மிளகுக்குச் சின்னது. அதுவும் சாயம் போட்டுப் பாத்தாதான் குருத்தெலும்பா இல்லையான்னே தெரியும். இவ்வளவு சீராட்டியும் எனக்கு அதுதான் வருது. எந்த வீடும் கட்டிக் குடுக்காம, தேஞ்சு வீங்கிப் போன முட்டிக்குள்ள ஊசியில விட்டா அது தானா போய் ஒட்டி, பழையபடி வழவழன்னு பரவிரும்னு எப்படி நம்பறது?"

"அப்ப பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி கொறைஞ்சதே?" – சித்தி.

நியாயமான கேள்வி. வலி குறையறது வேற, குருத்தெலும்பு மொளைக்கறது வேற. ஊசி போட்டதும் ஓய்வு எடுப்பாங்க, பிசியோதெரபி போவாங்க, கூடவே மாத்திரை, கூடவே நம்பிக்கை. தேய்மான வலியே ஏறி இறங்கற வலிதான், ரொம்ப மோசமா இருக்கற நாள்லதான் டாக்டரைத் தேடிப் போவோம், அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். ஊசியாலதான்னு சொல்லணும்னா, ஊசி போட்டவங்களையும் வெறும் உப்புத் தண்ணி போட்டவங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்துதான் சொல்லணும். இதை முறையா செய்யறதுக்குப் பேருதான் மருத்துவப் பரிசோதனை. அப்படிப் பரிசோதனைக்கு வர்றவங்ககிட்ட அந்த மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, சில ரத்த நோய்களுக்குச் செய்யற ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மத்த எதுக்கும் பரிசோதனைக்கு வெளிய ஸ்டெம் செல்லை சிகிச்சையா குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. சித்தி அமைதியாயிட்டாங்க.

நேர்மையா இன்னொண்ணையும் சொன்னேன். நான் இருக்கற இந்த ஊர்லதான் 1987-ல் முதல் தடவையா ஒருத்தரோட சொந்தக் குருத்தெலும்புச் செல்லை எடுத்து வெளிய வளத்து அவர் முட்டியிலயே திரும்ப வச்சாங்க. முதல் 23 பேரோட முடிவு 1994-ல் வந்தது. அந்த வழியில வந்த ஒரு சிகிச்சைக்கு 2016 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சது. ஆக, செல்லை வச்சு முட்டியைச் சரிபண்றது கட்டுக்கதை இல்லை. ஆனா அது விளையாட்டுல அடிபட்டு ஒரு இடத்துல மட்டும் பேந்து போன குருத்தெலும்புக்கு. சுவத்துல ஒரு ஓட்டையை அடைக்கற மாதிரி. அம்மாவோடது சுவரே முழுக்க அரிச்சுப் போறது. அதுக்கு அந்தப் பூச்சு சரிவராது.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அம்மா கேட்டாங்க.

"அப்ப நீ அங்க செய்யது எனக்கு ஆகாது. அப்படித்தான?"

மக்களே, இந்தக் கேள்விக்கு நான் தயாரா இல்லை. அம்மாவோட முட்டியைப் பாத்துத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். விண்ணப்பத்துல அதைத்தான் எழுதியிருந்தேன். கடன் வாங்கித்தான் வந்திருக்கேன். பூஞ்சை பிடிச்ச குழாய் வேற கண்ணுக்குள்ளயே நிக்குது.

"ஆமாம்மா. அனேகமா ஒனக்கு ஆகாது."

சொல்லிட்டேன். சொன்னப்புறம் போனை கன்னத்துல வச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டு நின்னேன். வெளிய மூணரை மணிக்கே இருட்டிப் போச்சு.

அம்மாவுக்குக் கோபமெல்லாம் வரலை. டீச்சர் குரல்லதான் பேசினாங்க.

"சரி, விடு. நான் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு நடத்துனேன். அதுல எது டாக்டராச்சு, எது கடை வச்சுச்சுன்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இருந்தேன்? ஒன் பாடத்த நீ நடத்து. ரெண்டு லட்சம் மிச்சம். அத வச்சு ஒன் கடன்ல கொஞ்சம் அடைப்போம். இப்ப நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

அப்பதான் மிர் கதை கைகுடுத்துச்சு. வலிக்குதுன்னு அம்மா இப்போ நடக்கறதையே விட்டுட்டு நாள் முழுக்க நாற்காலியில இருக்காங்க. "எடையே இல்லாம வச்ச குருத்தெலும்பு நோஞ்சானாப் போச்சும்மா. அது பாத்திரத்துல வளத்தது, ஒன் முட்டி வேற, ஆனா டாக்டர் உடற்பயிற்சி பண்ணச் சொன்னதுலயும் அதே சங்கதி இருக்கு. அளவா வேலை குடுத்தாத்தான் மூட்டு நல்லா இருக்கும். தொடைத் தசை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும்." ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்ததையே திரும்பச் சொன்னேன். முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு அழுத்திப் பிடிக்கறது, காலை நீட்டித் தூக்கி அஞ்சு எண்ணுறது, சமதரையில சாயங்கால நடை. இதுக்கு மேல தேஞ்சா முட்டி மாற்று ஆபரேஷன் இருக்கு, அது பல வருஷமா நடக்கற, சோதிச்சுப் பாத்த விஷயம். பயப்பட ஒண்ணுமில்லைன்னேன்.

"விண்வெளிக்கெல்லாம் போயி இதையா கண்டுபிடிச்சாங்க?" – சித்தி.

"ஆமா சித்தி" :-)

இந்த வாரம் முழுக்க அம்மா தினமும் காலைத் தூக்கற போட்டோ அனுப்பறாங்க. சித்தி பக்கத்துல நின்னு எண்ணுறாங்க. வலி குறைஞ்சிருக்கான்னு கேட்டா "அதுக்குள்ள கேக்காத, இருபத்தோரு நாள் கழிச்சுக் கேளு"ங்கறாங்க. என்கிட்டயே!

நானும் இன்னிக்குக் காலையில புதுச் செல்லை உருக்கி எடுத்து, எண்ணி, புதுசா குழாய் போட்டுட்டுத்தான் வந்தேன். இந்தத் தடவை மூடியைக் கழட்டி எங்க வைக்கணும்னு ஒரு மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன், தமிழ்ல. பக்கத்து மேசை ஸ்வீடன்காரன் "இது என்ன மந்திரமா?"னு கேட்டான். கிட்டத்தட்ட அதான்னு சொல்லி வச்சேன்.

நோவாகோவிச் அம்மா குருத்தெலும்பை வளக்க ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மா முட்டிக்கு இன்னும் அது வந்து சேரலை. அதைத் தோல்வின்னு போன வெள்ளிக்கிழமை நெனைச்சேன். இப்போ அப்படித் தோணலை. ஆனா சீக்கிரம் வந்துரும்னு யாருக்கும் வாக்கு குடுக்கவும் மாட்டேன். குறிப்பா காசு வாங்கிட்டு.

உங்க வீட்லயும் யாராச்சும் முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசின்னு விசாரிச்சா, ரெண்டே கேள்வி கேக்கச் சொல்லுங்க. இது பதிவு செஞ்ச மருத்துவப் பரிசோதனையா? ஆமான்னா, எதுக்குக் காசு?

சரி மக்கா, டிராமுக்கு நேரமாச்சு. 21-வது நாள் என்ன ஆச்சுன்னு 20-வது பகுதியில சொல்றேன். பூஞ்சை வந்தாலும் சொல்றேன்.